இஷ்கரெட் பூங்காவுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: இரவிலிருந்து பின்னோக்கி ஒரு நாள் திட்டம்

மெக்சிகோவின் கான்கூன் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் பலரும் இஷ்கரெட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். (பலகையில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும், வாயால் சொல்லும்போது ‘இஷ்’.) காடு, நிலத்தடி ஆறு, கடற்கரை, பறவைக் கூடம், மாயா இடிபாடுகள், நாட்டுப்புறக் கலைகள் என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 1990இல் திறந்த இடம். தனியார் நிறுவனம் நடத்துகிறது, டிக்கெட் மலிவு கிடையாது. அவ்வளவு காசு கொடுத்து உள்ளே போய், எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் வெயிலில் அலைந்து, கடைசியில் அசதியில், அரங்கில் ஆட்டமும் பாட்டுமாக நடக்கும் மாலைக் காட்சியைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதுதான் மனசு கேட்காத விஷயம். ஏனென்றால் அந்த இடத்தில் இருப்பவற்றிலேயே சிறந்தது அந்தக் காட்சிதான்.

அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: காட்சி தொடங்கும் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து மற்றதை நிரப்புங்கள்.

எந்தப் பூங்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கான்கூனிலிருந்து தெற்கே துலும் என்ற ஊர் வரை கடலை ஒட்டியே 307ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. அதன் ஓரத்தில் ஒரே குழுமத்துக்குப் பல பூங்காக்கள் உள்ளன. விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

எக்ஸ்ப்ளோர் முழுக்க முழுக்க உடம்புக்கு வேலை கொடுக்கும் இடம். கம்பியில் தொங்கியபடி காட்டுக்கு மேலே பறப்பது, குகைக்குள் வண்டி ஓட்டுவது இதெல்லாம் அங்கே. இளைஞர் கூட்டம் என்றால் சரி, பாட்டி தாத்தாவோடு போவதற்கு இல்லை. ஷெல்-ஹா, துலுமுக்குக் கொஞ்சம் வடக்கே, கடல் உள்வாங்கி நிற்கும் ஒரு கழிமுகம். நாள் முழுக்கத் தண்ணீரில் மிதந்து மீன் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம். அங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தடியிலிருந்து வரும் நன்னீரும் கடலின் உப்புநீரும் அங்கே சந்திக்கின்றன. இரண்டும் கலக்கும் இடத்தில் முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் எண்ணெய் படிந்த மாதிரி கலங்கித் தெரியும். கண்ணாடியில் கோளாறு என்று நினைத்துக் கழற்றித் துடைக்க வேண்டாம். ஓரடி மேலேயோ கீழேயோ நகர்ந்தால் தெளிவாகிவிடும்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும், வீட்டில் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றால் இஷ்கரெட். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எந்த மாதம்

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, கூட்டம் அதிகம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் வாரம் மூன்றையும் முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டர் வாரத்தில் மெக்சிகோ மக்களும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வருவார்கள். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் கடுமை. வசந்தத்திலும் கோடையிலும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்கும். நாற்றமும் அடிக்கும். ஆனால் நிலத்தடி ஆறுகளை அது தொடாது. ஆகவே பாசி இருக்கும் வாரத்தில் கடற்கரை ஓட்டலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இஷ்கரெட் நல்ல மாற்று.

டிக்கெட்

அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள். சில நாட்கள் முன்கூட்டி வாங்கினால் தள்ளுபடி உண்டு. அடிப்படை டிக்கெட், பிளஸ் டிக்கெட் என்று இரண்டு வகை முக்கியமானவை. பிளஸ் வாங்கினால் ஒரு வேளை பஃபே சாப்பாடு, லாக்கர், துண்டு, நீருக்கடியில் பார்க்கும் முகமூடியும் குழாயும் சேர்ந்து வரும். நாள் முழுக்க இருப்பதாக இருந்தால் பிளஸ்தான் கணக்குக்கு வரும், இதையெல்லாம் உள்ளே தனித்தனியாக வாங்கினால் செலவு கூடும். மாலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட்டிலும் இடம் உண்டு. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் முன்வரிசை மேசைக்குத்தான் தனிக் கட்டணம். அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நடு வரிசையில் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தால் மேடை முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

பக்கத்து ஊரான பிளாயா டெல் கார்மென் தெருக்களிலும் விமான நிலைய வாசலிலும் ‘பாதி விலைக்கு டிக்கெட்’ என்று கூப்பிடுவார்கள். அது பெரும்பாலும் டைம்ஷேர் வலை. மறுநாள் காலையில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துப்போய், அறையில் பங்கு வாங்கச் சொல்லி மணிக்கணக்கில் பேசுவார்கள். விடுமுறையில் ஒரு காலைப் பொழுது போவது டிக்கெட் விலையைவிடப் பெரிய நஷ்டம். சிரித்துக்கொண்டே ‘நோ, கிராசியாஸ்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கார்டில் பணம் கட்டும்போது இயந்திரம் டாலரிலா, மெக்சிகோ நாணயமான பேசோவிலா என்று கேட்டால் பேசோ என்று அழுத்துங்கள். உங்கள் நாட்டுப் பணத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று கடைக்கார இயந்திரம் சொல்லும் விகிதம் எப்போதும் அதற்குச் சாதகமாகத்தான் இருக்கும். ஏடிஎம்மிலும் இதே விதிதான்.

சிறுவர் டிக்கெட் வயதைப் பொறுத்தது. பிள்ளையின் பாஸ்போர்ட்டையோ அதன் நகலையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி சுற்றுலா விசா கேட்பதில்லை. இருந்தாலும் புறப்படும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விசிடாக்ஸ் என்ற பெயரில், கான்கூனும் இந்தப் பூங்காவும் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஒரு வரி வாங்குகிறது, 2021இல் வந்தது. அதை மாநில அரசின் தளத்தில் மட்டும் கட்டுங்கள். அதே பெயரில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன.

போய்ச் சேர்வது

பிளாயா டெல் கார்மெனில் தங்கினால் பத்து நிமிடத் தூரம்தான். கான்கூன் ஓட்டல் பகுதியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பூங்காவின் பஸ்ஸே ஓட்டல் ஓட்டலாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வரும். வசதிதான், ஆனால் நேரம் இழுக்கும். ஏடிஓ என்ற நிறுவனத்தின் வெளியூர் பஸ் கொஞ்சம் விரைவு. 307இல் ஓடும் கொலெக்டிவோ என்கிற பங்கு வேன்கள் எல்லாவற்றிலும் மலிவு. நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து வாயில் வரை வெயிலில் உள்ளே போக வேண்டும். சின்னக் குழந்தைகள் இருந்தால் டாக்ஸியே மேல். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

எப்படிப் போனாலும் கதவு திறக்கும் நேரத்தில் அங்கே இருங்கள். முதல் இரண்டு மணி நேரம்தான் ஆறு காலியாக இருக்கும்.

பையில் என்ன, எது கூடாது

உலர்ந்த மாற்றுடை ஒரு ஜோடி, தண்ணீரில் கழன்று போகாத செருப்பு அல்லது நீர்க்காலணி, கழுத்தில் மாட்டும் நீர்புகாத கைபேசி உறை, தொப்பி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, கொஞ்சம் சில்லறை பேசோ. இரவில் பஸ்ஸில் ஏசி உறைய வைக்கும், ஒரு மெல்லிய மேல்சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாயிலில் பையைப் பார்த்து, சாதாரண சன்ஸ்கிரீன் இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட வகையில் சின்ன மாதிரிப் பொட்டலம் கொடுப்பார்கள். உங்கள் பாட்டிலைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். சிலர் இதற்குச் சண்டை பிடிக்கிறார்கள். சண்டை பிடிக்கிற விஷயம் இல்லை இது. யுகட்டான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதன் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு என்று ஒன்று இல்லை. பெய்கிற மழை சல்லடையில் இறங்குவதுபோல் பாறைக்குள் இறங்கி, குகை குகையாக ஓடி, கடைசியில் கடலில் வந்து சேர்கிறது. கடலில் கொஞ்ச தூரத்திலேயே மெசோஅமெரிக்கப் பவளத் திட்டு. ஹோண்டுராஸ் வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளம். ஒருவர் தோலில் பூசியது ஆற்றில் கரைந்தால், நடுவில் வடிகட்ட மண் கிடையாது, நேரே பவளத்துக்குத்தான் போகும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளத்துக்குக் கெடுதல் என்றுதான் பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தன. துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு மட்டும் உள்ளதாக வாங்குங்கள்.

அதைவிட நல்ல யோசனை, எதுவும் பூசாமல் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்வது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் அதுதான். கொசு விரட்டி தடவிக்கொண்டும் ஆற்றில் இறங்காதீர்கள். தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு மாலைக்குத் தடவிக்கொள்ளலாம்.

காலை: நேராக ஆற்றுக்கு

உள்ளே நுழைந்ததும் கிளிகள், கடைகள், புகைப்படக்காரர்கள் எல்லாம் இழுப்பார்கள். நிற்காதீர்கள். லாக்கருக்குப் போய், உடை மாற்றி, ஆற்றில் இறங்குங்கள். பத்தரை, பதினொன்று ஆனால் முன்னால் போகிறவரின் கால் உங்கள் மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கூட்டம் வந்துவிடும்.

நீல ஆறு, மாயா ஆறு, மனாட்டி ஆறு என்று மூன்று வழிகள். மூன்றும் கடற்கரைப் பக்கமாகவே போய் முடிகின்றன. ஒன்றே போதும். இறங்கும் இடத்தில் உங்கள் செருப்பு, துண்டு, சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பூட்டி வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் மறுமுனையில் ஏறும்போது பை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். எண் எழுதிய அடையாளத்தைத் தொலைக்காமல் இருந்தால் போதும்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஆகவே நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக் கட்டச் சொல்லி ஊழியரிடமே காட்டுங்கள். தளர்வாக இருந்தால் தண்ணீரில் அது காதுவரை ஏறிவிடும், நாமோ கீழே தொங்குவோம். முதல் அடி வைத்ததும் தண்ணீர் சில்லென்று இருக்கும், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி. ஓரிரு நிமிடத்தில் பழகிவிடும். கையைக் காலை அடிக்காமல் மல்லாந்து படுத்தீர்கள் என்றால் ஓட்டம் மெல்லக் கொண்டுபோகும். தலைக்கு மேலே பாறைக் கூரை. சில இடங்களில் கைக்கு எட்டும் உயரம். நடுநடுவே கூரையில் ஓட்டை. அதன் வழியாக வெயில் ஒரு தூணாக இறங்கித் தண்ணீருக்கடியில் மணல் வரைக்கும் தெரியும். மேலே நிற்கும் மரங்களின் வேர்கள் கயிறு கயிறாகப் பாறையைத் துளைத்துத் தண்ணீரைத் தேடி இறங்கியிருக்கும். கவனித்துப் பார்க்க வேண்டிய காட்சி அது. அந்த ஊரில் மரம் பிழைக்கிற விதமே அதுதான்.

இந்த ஆறு முழுக்க இயற்கை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இயற்கைக் குகைகளை வெட்டி இணைத்து, ஆள் போகும்படி செய்திருக்கிறார்கள். அது தெரிந்தே ரசிக்கலாம். இயற்கையாகவே விட்டிருக்கும் குகைக் குளம்தான் வேண்டும் என்றால், துலும் சுற்றுவட்டாரத்தில் செனோட்டே என்ற பெயரில் ஏராளமாக இருக்கின்றன. அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு, அடைசல் என்றால் பயப்படுகிறவர்கள் ஊழியரிடம் முன்பே சொல்லுங்கள். வழியில் ஏறி வெளியே வர இடங்கள் உண்டு. உள்ளே கூரையில் பொருத்திய கேமராக்கள் தானாகவே படம் எடுக்கும். மாலையில் அதை வாங்கச் சொல்வார்கள். படம் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் குடும்பத்துக்கு ஒரே தொகுப்பாக இணையத்தில் வாங்குவது நல்லது. வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் வற்புறுத்த முடியாது.

மதியம்

வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தைச் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் கொடுங்கள். பிளஸ் டிக்கெட்டின் சாப்பாடு ஒரு தடவைதான். ஒரு மணிக்கு எல்லோரும் வருவார்கள், அதனால் பன்னிரண்டுக்கு முன்போ இரண்டுக்குப் பிறகோ போங்கள்.

சைவக்காரர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மெக்சிகோவில் பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது சாதாரணம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேக வைப்பதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் சைவம்தான். ‘சின் மந்தேகா?’ (கொழுப்பு இல்லாமலா?), ‘சின் கால்தோ தெ போயோ?’ (கோழிச் சாறு இல்லாமலா?) என்று கேளுங்கள். ‘நோ கொமோ கார்னே’, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் தட்டில் வரக்கூடும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோளத் தோர்த்தியா, அவகாடோ, நோபால் என்கிற கள்ளித் தண்டு, பழங்கள் இவற்றில் பயம் இல்லாமல் சாப்பிடலாம். மிளகாய்ச் சட்னிகளில் ஆபனேரோ என்கிற கடுங்கார மிளகாய் போட்டது ஒன்று இருக்கும். நம் காரம் பார்த்த நாக்குதானே என்று கரண்டி நிறைய எடுக்காதீர்கள்.

சாப்பிட்ட பிறகு பவளக் காட்சியகம், பட்டாம்பூச்சிக் கூடம், பறவைக் கூடம். மூன்றிலும் நிழல் உண்டு. பறவைக் கூடத்தில் செம்மக்காவ் கிளிகளிடம் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். மெக்சிகோவின் பல காடுகளில் இந்த இனம் அற்றுப்போயிருந்தது. இங்கே குஞ்சு பொரித்து வளர்த்தவற்றை 2013 முதல் பலெங்கே காட்டிலும், அப்புறம் வெராகுருஸ் மாநிலத்தின் லோஸ் துஸ்லாஸ் காட்டிலும் விட்டிருக்கிறார்கள். சூழல் பூங்கா என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வணிக இடம் ஒன்று அந்தப் பெயருக்கு உண்மையாக நடந்துகொண்டதற்கு இது நல்ல சான்று. கடலாமைகளும் அப்படித்தான். மே முதல் நவம்பர் வரை அந்தக் கரையில் முட்டையிட ஆமைகள் வரும் காலம்.

டால்பின் விஷயத்தில் அந்த அளவுக்கு என்னால் பாராட்ட முடியவில்லை. டால்பினோடு நீந்தும் திட்டங்கள் இந்தக் கடற்கரை முழுக்க பெரிய வியாபாரமாக நடந்தன. 2025இல் மெக்சிகோ நாடாளுமன்றம் கடல்வாழ் பாலூட்டிகளை வைத்துக் காட்சி நடத்துவதைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. மாற்றக் காலத்தில் எங்கேயாவது டிக்கெட் விற்றாலும் வாங்காதீர்கள். திறந்த கடலில் நாளெல்லாம் அலைகிற உயிர் அது. தொட்டியில் நம் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதற்காக வைத்திருப்பது நியாயம் இல்லை.

கடலடியில் தலைக்கவசம் போட்டு நடப்பது, நீராவிக் குளியல் என்று கூடுதல் கட்டண விஷயங்கள் இன்னும் பல. முதல் தடவை போகிறவர்கள் எதையும் சேர்க்க வேண்டாம் என்பேன். ஒவ்வொன்றும் காத்திருப்போடு சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

நாலு மணிக்கு மேல்

வெயில் தாழ்ந்ததும் மேட்டில் இருக்கும் மெக்சிகோ கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பெயரைக் கேட்டுப் பலரும் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். பார்க்காமல் விடக் கூடாத இடம். மலைபோல் சுற்றிச் சுற்றி ஏறும் ஏழு அடுக்குகள், வாரத்துக்கு ஏழு நாள். 365 கல்லறைகள், வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. நுழைவில் 52 படிகள், வாரக் கணக்குக்கு. நாடு முழுக்கக் கல்லறைகள் எப்படி எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைப் பார்த்துச் செய்தவை. கண்ணைப் பறிக்கும் நிறங்கள். இறந்தவர்களை வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அழைத்துச் சோறு வைக்கும் அந்த மக்களின் மனசு அங்கே புரியும். பிள்ளைகளை ஆளுக்கு ஒரு அடுக்கு எடுத்துக்கொண்டு பிடித்த கல்லறையைத் தேடச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

அடுத்து, பாப்பாந்த்லா ஊரின் வொலாதோரெஸ், அதாவது பறக்கும் மனிதர்கள். நேரப் பலகையைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உயரமான கம்பத்தில் ஏறுவார்கள். ஒருவர் உச்சியில் நின்று குழலும் சின்ன மேளமும் வாசிக்க, நான்கு பேர் இடுப்பில் கயிறு கட்டித் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி இறங்குவார்கள். மரபுப்படி ஆளுக்குப் பதின்மூன்று சுற்று, நான்கு பேருக்கும் சேர்த்து மறுபடி 52. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சடங்கு. முடிந்ததும் நீங்கள் கொண்டுவந்த சில்லறை பேசோவுக்கு இங்கே வேலை இருக்கிறது.

மாயா இடிபாடுகள் சின்னவைதான். ஆனால் சும்மா கட்டிவைத்த செட் இல்லை, உண்மையானவை. இந்த இடம் ஒருகாலத்தில் போலே என்ற துறைமுகம். இஷ்செல் தேவியைக் கும்பிட எதிரே இருக்கும் கோசுமெல் தீவுக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் படகு ஏறினார்கள். கடற்கரைக்குப் போகும் வழியிலேயே வரும், ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு நடங்கள்.

காட்சி

தொடங்குவதற்கு நாற்பது நிமிடம் முன்பாவது கிரான் ட்லாச்கோ அரங்கில் இருங்கள். அதற்கு முன் லாக்கரைக் காலி செய்து, உலர்ந்த உடை மாற்றி, ஏதாவது கொறித்துவிட்டுப் போங்கள். நடுவில் எழுந்தால் திரும்ப இடம் பிடிப்பது சிரமம்.

சுமார் இரண்டு மணி நேரம். முதல் பாதியில் ஸ்பானியர் வருவதற்கு முந்தைய உலகம். இடுப்பால் மட்டும் ரப்பர் பந்தை அடித்துக் கல்வளையத்துக்குள் செலுத்தும் பழைய விளையாட்டை உங்கள் கண் முன்னே நிஜமாகவே ஆடுவார்கள். பந்து கனமானது, இடுப்பில் படும் சத்தம் மேல் வரிசைவரை கேட்கும். அப்புறம் மிச்சோகான் பகுதியின் புரெபெச்சா மக்கள் ஆடும் இன்னொரு ஆட்டம், விளக்கை அணைத்துவிட்டு எரிகிற பந்தை மட்டைகளால் அடித்து விளையாடுவார்கள். இரண்டாம் பாதி மாநிலம் மாநிலமாகப் பாட்டும் ஆட்டமும். ஸ்பானிஷ் தெரியாவிட்டால் ஒன்றும் குறையாது. பிள்ளைகள் தூங்கிவிழுந்தால் முதல் பாதியையாவது பார்க்க வையுங்கள்.

திரும்பும்போது

காட்சி முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலில் வருவார்கள். பூங்கா பஸ்ஸில் வந்திருந்தால் காலையிலேயே உங்கள் பஸ் நிற்கும் இடத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள். டாக்ஸி என்றால் கூட்டத்தோடு அவசரப்பட வேண்டாம், கால் மணி நேரம் பொறுத்தால் வரிசை கரைந்துவிடும். இரவு நேரத்தில் இருட்டான நெடுஞ்சாலைக்கு நடந்துபோய் கொலெக்டிவோ பிடிக்கும் யோசனை வேண்டாம்.

மறுநாள் விடியற்காலையில், பெரிய மாயா இடிபாடுகள் இருக்கும் சீச்சென் இட்சாவுக்குப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள், படுக்கவே நள்ளிரவு ஆகிவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டுப் போங்கள். போகும்போது இதையும் நினைவில் வையுங்கள்: சீச்சென் இட்சா பக்கத்து மாநிலமான யுகட்டானில் இருக்கிறது. அங்கே கடிகாரம் கின்தானா ரோவைவிட ஒரு மணி நேரம் பின்னால். இங்கே ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் பயணம் செய்தால் அங்கே எட்டரைதான் ஆகியிருக்கும், பெரிய சுற்றுலா பஸ்கள் வரும் முன்பே உள்ளே போய்விடலாம்.